அச்சகத்தார் ஓசையின்றி மாடி வென்ற படலம்

வாழ்க பெருங்குரலார்! நான்கு வண்ண அச்சுப்பொறியை நாளெல்லாம் நடத்தும் நெடுந்தோளர், எத்தனை தேய்த்தாலும் போகாத மைக்கறை படிந்த விரலினர், நடந்தால் தரைக்குத் தெரியும், தும்மினால் தெருவுக்கே தெரியும் என்னும் தகைமையர், வீட்டுக்குள் உட்கார்ந்து "அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளு" என்று தம்மளவில் மெல்லத்தான் கேட்டாலும் அடுத்த வீட்டார் தங்கள் உப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வரத்தக்க தொண்டைக்கு உரியவர், அக்கம்பக்கத்தார் வாயில் அச்சகத்தார் என்று வழங்கும் அந்த ஒப்பிலா வீரர் நீடு வாழ்க!

எண்ணெய் காணாத கீல்களே, தொட்டதும் முனகும் தாழ்ப்பாள்களே, கை நழுவக் காத்திருக்கும் தட்டுகளே, இரவென்றும் பகலென்றும் பாராது சொட்டும் குழாய்களே, உங்களையும் வணங்குகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் அனைவருடைய வாயையும் ஒரே ஒரு மனிதர் கட்டிப்போட்ட கதையை நான் சொல்லப் புகுகிறேன். சொல்லி முடியும்வரை நீங்கள் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும்.

குரல் பெருத்ததில் அவர் பிழை ஏதுமில்லை. ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு முழங்கும் மூன்று பொறிகளுக்கு நடுவே பதினாறு ஆண்டுகள் நின்றவருக்குக் கத்தினால்தான் பேச்சு, மற்றதெல்லாம் வெறும் வாயசைவு. அந்தப் பழக்கத்தை வேலை முடிந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. தம்மோடு வீட்டுக்கே கொண்டுவந்தார். அவருடைய இல்லாளும் அதே அச்சகத்தில் மடிப்புப் பிரிவில் தாள் மடித்து அடுக்குபவள் என்பதால், இது ஒரு குறையென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளும் சளைத்தவள் அல்லள்.

இப்படிப்பட்ட இருவர் பதினொரு மாதங்களாக வாயைத் திறக்காமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். முன்பு குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறோம் என்று உரிமையாளர் சொல்லிவிட, வேறு வீடு கிடைக்கும்வரை என்று இல்லாளின் அண்ணன் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கியவர்கள், அந்தக் கூடத்திலேயே தங்கிப்போனார்கள். அண்ணன் நல்லவர். அண்ணி அவரைவிட நல்லவள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வினையே அதில்தான் இருந்தது. அவ்வளவு நல்லவர்கள் வீட்டுக் கூடத்தில், நடுவே ஒரு துணித்திரையைத் தொங்கவிட்டுக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் எப்படிச் சண்டை போட முடியும்? மணமான நாள்முதல் வாரம் தவறாமல் சண்டையிட்டு, சண்டை முடிந்ததும் விழுந்து விழுந்து சிரித்து, அதனாலேயே மனம் கலந்து வாழ்ந்த இருவர், பதினொரு மாதமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கினார்கள். விழுங்கியது உள்ளே போய்ப் புளித்தது. சிரிப்பும் நின்றுபோனது. "சரிங்க", "சரிம்மா" என்று ஒருவருக்கொருவர் விருந்தாளிகளைப் போல மரியாதையாகப் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒருநாள் திரைக்குப் பின்னால் அவள் அழுதாள். என்ன என்று கேட்டதற்கு, அண்ணன் காதில் விழாதபடி கிசுகிசுத்தாள்.

"ஒண்ணுமில்லை. உங்ககூட ஒரு தடவை நல்லா கத்தணும் போல இருக்கு."

அதைக் கேட்டார் பெருங்குரலார். கதவு சாத்தக்கூடிய, சாத்திய கதவுக்குள்ளே நின்று கத்தக்கூடிய ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிக்காமல் இனி ஓய்வதில்லை என்று அவர் அக்கணமே சபதம் பூண்டார். சபதத்தையும் கிசுகிசுப்பாகத்தான் பூண வேண்டியிருந்தது.

பதினெட்டு வீடுகள் பார்த்தார். ஒன்றில் வெளிச்சமில்லை, ஒன்றில் தண்ணீர் இல்லை, ஒன்றில் எல்லாம் இருந்தது, ஆனால் அதை நேற்றே இன்னொருவர் பிடித்துவிட்டார். பத்தொன்பதாவதாகக் கிட்டியது அந்த மாடி வீடு. அச்சகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு கூடம், ஒரு படுக்கையறை, கைநீட்டினால் இருபக்கச் சுவரும் எட்டும் சமையலறை, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், அவர்கள் சக்திக்குள் அடங்கும் வாடகை. எதிரே மருந்துக்கடை. கூடத்தைப் பார்த்ததும் இல்லாள் நடுவில் போய் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். இங்கே நின்று கத்தலாம் என்று அவள் அளவெடுக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது.

ஆனால் அந்தக் கோட்டைக்குக் காவல் இருந்தது. கீழ்த்தளத்தில் தாமே குடியிருந்த வீட்டுக்கார அம்மாள், முப்பத்திரண்டு ஆண்டுகள் தேர்வுக்கூடங்களில் மேற்பார்வை செய்து ஓய்வுபெற்றவர். முந்நூறு பேர் எழுதும் கூடத்தின் ஒரு மூலையில் கண்மூடி உட்கார்ந்தபடியே, எதிர்மூலையில் ஒருவன் சட்டைக்கைக்குள்ளிருந்து துண்டுச்சீட்டை உருவும் ஓசையைப் பிரித்தறிந்து, "பதினேழாம் எண், எழுந்திரு" என்று அறிவித்த செவிக்கு உரியவர். அத்தகைய செவியின் தலைக்குமேல் ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுகள் நாற்காலி இழுத்துவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து அவர் ஒரு நெறி வகுத்திருந்தார். வாடகைக்கு வருவோர் எவராயினும், மாடியில் அரை மணி நேரம் தனியே குடியிருந்து காட்ட வேண்டும். அவர் கீழே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கேட்பதையெல்லாம் குறிப்பேட்டில் குறித்துக்கொள்வார்.

கத்துவதற்கு வீடு தேடி வந்தவருக்கு வாய்த்த வீட்டைப் பார்த்தீர்களா? ஆனாலும் சபதம் சபதம்தான். கையில் வீடு வரட்டும், கத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அச்சகத்தாரின் போர்த்தந்திரமாக இருந்தது.

ஞாயிறு வந்தது. களத்தில் இன்னொரு வீரரும் நின்றார். அவர் நூலகர். கேன்வாஸ் காலணியர், மெலிந்த மேனியர், இருபத்தைந்து ஆண்டுகளாகப் புத்தக அடுக்குகளுக்கு இடையே நிழல்போல் நடந்து பழகியவர், இருமல் வந்தால் அடுத்த நாளைக்குத் தள்ளிப்போடக் கூடியவர். அவரைக் கண்டதும் பெருங்குரலாரின் புதுக் காலணிகள் தாமாகவே ஒருமுறை கிரீச்சிட்டன.

வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்று ஆளுக்கொரு வினாத்தாளைக் கொடுத்து முழங்கினார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. தாள்ல ஏழு கேள்வி இருக்கு, ஏழையும் செய்யணும். யார் இருக்கறது எனக்குக் குறைவா கேக்குதோ அவங்களுக்கு வீடு. நேரம் முடியற வரைக்கும் யாரும் கீழ வரக் கூடாது, குரல் குடுக்கக் கூடாது, சந்தேகம் கேக்கக் கூடாது. கூட வந்தவங்க வாசலுக்கு வெளியே போயிடணும்."

கூட வந்தவள் ஒருத்திதான். அவள் தெருவைக் கடந்து மருந்துக்கடைப் படியில் போய் நிற்குமுன், கணவரின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்வது போலக் கிட்டே வந்தாள்.

"விரல்ல நடக்காதீங்க, விழுந்துடுவீங்க. உள்ளங்காலை உருட்டி வைங்க. எதையும் கீழ வைக்காதீங்க."

"சரிம்மா," என்றார் அவர் ரகசியமாக. மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

முதலில் ஏறினார் நூலகர். கீழே காத்திருந்த அச்சகத்தாரும் காதைத் தீட்டிக்கொண்டார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, ஓரடி, ஈரடி, மூன்றாம் அடியில் "கடக்" என்றொரு ஓசை. கூடத்தில் வாசற்படியிலிருந்து மூன்றாவது தளக்கல் பெயர்ந்திருந்தது. அதைச் சரிசெய்யாமல் விட்டுவைத்திருப்பது வீட்டுக்கார அம்மாளின் சூழ்ச்சியோ சோம்பலோ, நான் சொல்வதற்கில்லை. குறிப்பேட்டில் ஒரு கோடு விழுந்தது. ஜன்னலை மூடும்போது இன்னொரு கோடு. அவ்வளவுதான். அரை மணியில் இரண்டே கோடுகள். இறங்கி வந்த நூலகர், வெற்றியை ஏற்கெனவே மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர்போல, தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

இனி ஏறினார் நம் தலைவர். கிரீச்சிடும் காலணிகளை மாடிப்படியின் அடியிலேயே கழற்றி, கீழே வைத்தால் அதுவும் ஒரு சத்தம் என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சை மூக்கின் ஒரு துளையால் மட்டும் விட்டபடி, எதிரியின் பாசறைக்குள் ஒற்றனாக நுழையும் படைத்தலைவனைப்போல் உள்ளே புகுந்தார். கதவைச் சாத்துவதும் ஒரு சத்தம் என்பதால் ஒருக்களித்தே விட்டார். தாளைப் படித்தார். 'எல்லா வினாக்களுக்கும் விடையளிக்கவும்' என்று தலைப்பில் இருந்தது.

கூடத்தை இருமுறை குறுக்கே கடக்க வேண்டும். மூன்றாம் கல்லின் வஞ்சகம் அறிந்தவர் ஆதலால் சுவரோரமாகவே, முதுகு சுவரை உரச, பக்கவாட்டில் நண்டுபோல் கடந்தார். அடுத்தது நாற்காலி. இழுத்து, உட்கார்ந்து, எழுந்து, பழையபடி வைக்க வேண்டும். இரும்பு நாற்காலி, காலில் ரப்பர் இல்லை, தொட்டாலே ஓலமிடும் சாதி. அதன் முன் நின்று அவர் சற்று யோசித்தார். பின்பு தம் இரு காலுறைகளையும் கழற்றி அதன் முன்னங்கால்களுக்கு அணிவித்தார். பின்னங்கால்களுக்கு? கக்கத்தில் இருந்த காலணிகள் இதற்கென்றே வாங்கியவைபோல் பொருந்தின. மனிதரைப்போலக் காலணி பூண்டு கம்பீரமாக நின்ற அந்த நாற்காலியை அவர் இழுத்தார்; அது சத்தமில்லாமல் வந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், கொண்டுபோய் வைத்தார், உடைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்படியொரு மரியாதை அதற்குப் பிறகு அந்த நாற்காலிக்குக் கிடைக்கவேயில்லை.

ஜன்னலைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு திறந்து மூடினார். அலமாரிக் கதவின் கீல்களில் தம் தலையில் தடவியிருந்த எண்ணெயை விரலால் வழித்துப் பூசினார். சமையலறையில் மூடியோடு கூடிய ஒரு பாத்திரம் இருந்தது. பாத்திரம் நல்லதுதான், மூடிதான் துரோகி. அதை முதலில் கைதுசெய்து, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். சில்லென்று வயிற்றில் பட்டதும் வந்த கூச்சலைப் பல்லுக்குள் நிறுத்தினார். நிறுத்திய கூச்சல் கண்ணில் நீராக வந்தது. பாத்திரத்தைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல மடியில் வைத்துக் கழுவித் துடைத்து வைத்தார்.

ஆறாவதாக, குளியலறையில் ஒரு வாளி நீர் பிடிக்க வேண்டும். வெற்று வாளியில் விழும் தண்ணீரை எந்த வீரன் அடக்க முடியும்? அச்சகத்தார் அடக்கினார். கைக்குட்டையை எடுத்துக் குழாயின் வாயில் கட்டி, அதன் நுனி வாளியின் அடியைத் தொடும்படி தொங்கவிட்டார். நீர் விழவில்லை, துணியைப் பிடித்துக்கொண்டு நூல்நூலாக இறங்கிப்போனது. வாளி நிறைய வெகுநேரம் ஆனது. அந்த நேரமெல்லாம் அவர் வாளியின் பக்கத்தில் குந்தி, நிறைந்துவரும் நீரைக் கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் வாழ்நாளில் இவ்வளவு அமைதியாக அவர் எதையும் செய்ததில்லை.

கீழே என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சாய்வு நாற்காலியில் செவியை மேல்நோக்கித் திருப்பி உட்கார்ந்திருந்த வீட்டுக்கார அம்மாளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஐந்து நிமிடம், பத்து, இருபது. ஒரு மனிதர் மேலே இருந்தால் ஒரு மூச்சாவது கேட்கும். நூலகருக்கே இரண்டு கோடு விழுந்தது. அப்படியிருக்க, வாசலில் 'சரிம்மா' என்று தெருவைத் திரும்பிப் பார்க்கவைத்த மனிதருக்கு ஒரு புள்ளிகூட விழவில்லையென்றால், அதற்கு ஒரே பொருள்தான். வினாத்தாளைப் பார்த்ததும் சந்தடியில்லாமல் கூடத்தைவிட்டு நழுவிப்போகும் எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார். ஏறிவந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். கூடம் காலி. வாசலில் காலணியும் இல்லை. குறிப்பேட்டில் 'வரவில்லை' என்று எழுதினார்.

குளியலறையில் அச்சகத்தாருக்கு அவர் ஏறிவந்த காலடி கேட்டது. பறக்கும் படை சோதனைக்கு வந்திருக்கிறது என்று எண்ணினார். குந்திய நிலையிலேயே, ஒரு கை குழாயிலும் ஒரு கை காற்றிலுமாக, சிலையானார். கதவு மூடப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு பூட்டப்பட்டது. படியில் காலடி இறங்கிப்போனது.

இதுவும் தேர்வில் ஒரு பகுதியோ? அவர் தாளை எடுத்துப் பார்த்தார். ஏழாவது வினா: 'ஐந்து நிமிடம் சும்மா இருக்கவும்.' இருந்தார். ஐந்து நிமிடம் முடிந்ததும் கதவருகே போய் மெல்லத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அப்போதுதான் தலைவருக்குத் தம் நிலை விளங்கியது.

ஒரு குரல் போதும். அவருடைய தொண்டையிலிருந்து ஒரே ஒரு குரல் கிளம்பினால் கீழே இருப்பவர் மட்டுமல்ல, மூன்று தெருக்காரர்கள் ஏணியோடு வந்து நிற்பார்கள். ஆனால் குரல் கொடுத்தால் வீடு போகும். கொடுக்காவிட்டாலும், தேநீர் குடித்து முடித்து வரப்போகும் நூலகர் கைக்கு வீடு போகும். திரைக்குப் பின்னால் அழுத முகம் அவர் கண்முன் வந்தது. குரல் நெஞ்சிலிருந்து கிளம்பி மிடறுவரை வந்துவிட்டது. அங்கே ஒரு கணம் நின்றது. பதினொரு மாதம் விழுங்கியவர் இன்னொரு வாய் விழுங்குவதா பெரிது? விழுங்கினார். சுவரோரமாக ஜன்னலுக்குப் போனார்.

அச்சகத்தில் பேச்சுக்கு இரண்டு வழி உண்டு. அருகில் நின்றால் கத்தல். தொலைவில் நின்றால் கைச்சாடை. பொறி ஓட்டுபவருக்கும் மடிப்புப் பிரிவுக்கும் நடுவே நாற்பதடி இரைச்சல் கிடப்பதால், தலைமுறை தலைமுறையாக அங்கே வழங்கிவரும் சாடைகள் ஒரு இருபது இருக்கும். இரு முட்டிகளையும் கோத்துக் காட்டினால் தாள் சிக்கிக்கொண்டது. விரலை வளைத்துக் கண்ணில் கண்ணாடிபோல் வைத்தால் மேலாளர் வருகிறார். மணிக்கட்டை முறுக்கினால் தகட்டை இறுக்கு. வீட்டுக்கார அம்மாள் வெளியே பூட்டிவிட்டார் என்பதற்கு மட்டும், அச்சுத்தொழிலின் நெடிய வரலாற்றில் தேவைப்படாததால், சாடை ஏதும் கிடையாது.

இருந்ததை வைத்துச் சொன்னார். கண்ணாடி, முறுக்கு, முட்டி. எதிர்ப்படியில் நகம் கடித்துக்கொண்டு நின்ற இல்லாள் நிமிர்ந்து பார்த்தாள். மேலாளர் தகட்டை இறுக்கிவிட்டார், தாள் சிக்கிக்கொண்டது என்று படித்தாள். பழக்கதோஷத்தில் அவள் கை தானாக உயர்ந்து 'பொறியை நிறுத்து' என்றது. அவர் தலையை உலுக்கினார். மறுபடியும் கண்ணாடி, இம்முறை கீழ்த்தளத்தைச் சுட்டி. மறுபடியும் முறுக்கு, இம்முறை கதவுப் பக்கம் கைகாட்டி. மறுபடியும் முட்டி, அதைத் தம் மார்பில் இருமுறை குத்தி. மேலாளர் கீழே இருப்பவர். இறுகியது கதவு. சிக்கிய தாள் நான்.

அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும், மந்தமான பணியாளரைக் குறிக்க அச்சகத்தில் வழங்கும் ஒரு சாடையையும் காட்டிவிட்டுத்தான் தெருவைக் கடந்தாள்.

அவள் வாசலை அடைந்தபோது நூலகரும் தேநீர் முடித்து வந்துவிட்டார். வீட்டுக்கார அம்மாளின் கையில் சாவி இருந்தது. அது நூலகரை நோக்கி நீளத் தொடங்கியிருந்தது. இருபடை நடுவே தேர் ஓட்டிப் புகுபவளைப்போல் அவள் நடுவில் புகுந்தாள்.

"அம்மா, மேல எங்க வீட்டுக்காரர் இருக்காரு. வெளியே பூட்டிட்டீங்க."

"மேல யாரும் இல்லைம்மா. அவர் எப்பவோ போயிட்டாரு."

"இல்லைம்மா, உள்ளதான் இருக்காரு. ஜன்னல்ல பாத்தேன்."

"இருந்தா எனக்குக் கேட்டிருக்கும்," என்றார் வீட்டுக்கார அம்மாள்.

சொல்லி முடித்ததும், தாம் சொன்னது என்ன என்பது அவருக்கே உறைத்தது. நூலகருக்கும் உறைத்தது. மூவரும் மாடியேறினார்கள். பூட்டுத் திறந்தது. கூடத்தின் ஓரத்தில், வெறுங்காலோடு, காலணிகளை மார்போடு அணைத்தபடி, சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்து நின்றுகொண்டிருந்தார் பெருங்குரலார்.

"இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"தேர்வு எழுதிட்டு இருந்தேங்க," என்றார் அவர். அந்தக் குரல் அவரிடமிருந்து வந்ததென்று அவர் மனைவியே நம்பவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கே பாதிதான் கேட்டது.

வீட்டுக்கார அம்மாள் குளியலறைக்குப் போனார். வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது. சமையலறைக்குப் போனார். பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அலமாரியைத் திறந்தார்; கீல் முனகவில்லை, விரலில் எண்ணெய் ஒட்டியது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு வாளித் தண்ணீர் நிறைவது கேட்கவில்லையென்றால், மனிதரில் கோளாறா, காதில் கோளாறா? முப்பத்திரண்டு ஆண்டுகள் நம்பி வாழ்ந்த காது. அவர் நூலகரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மேற்பார்வையாளர் இல்லை, பயந்துபோன ஒரு வயதான பெண்மணிதான் இருந்தார்.

"சார், ஒரு உதவி. நான் கீழ போறேன். நீங்க கூடத்துல கொஞ்சம் நடங்க."

நூலகர் பெருந்தன்மை மிக்கவர். தம் தோல்வி தம் காலாலேயே எழுதப்படப்போகிறது என்று தெரிந்தும் நடந்தார். கீழேயிருந்து குரல் வந்தது.

"மூணாவது கல்லு. இப்ப ஜன்னல்கிட்ட திரும்பினீங்க. வலது முழங்கால்ல சொடக்கு விழுது, டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவர் மேலே வந்தபோது முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. குறிப்பேட்டைத் திறந்து 'வரவில்லை' என்பதை அடித்து, ஒன்றும் எழுதாமல் மூடினார். எழுத ஒன்றும் இல்லையே. பிறகு இரு கையாலும் சாவியை எடுத்து அச்சகத்தாரிடம் நீட்டினார். நூலகர் அச்சகத்தாரின் மைக்கறைக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அமைதியா இருக்கறதுல நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் தோத்ததில்லைங்க," என்று சொல்லிவிட்டு, அந்த மூன்றாம் கல்லைக் கவனமாகத் தாண்டி இறங்கிப்போனார்.

போர் முடிந்ததென்று கொட்டு முழக்கி நான் இங்கேயே நிறுத்தலாம். அச்சகத்தாரும் அதைத்தான் விரும்பினார். ஆனால் இல்லாள் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண்ணுக்கு முன்னால் நாளைகள் வரிசையாக வந்தன. காலுறை போட்ட நாற்காலி, துணியில் இறங்கும் தண்ணீர், சுவரோரமாக நடக்கும் புருஷன், 'சரிங்க', 'சரிம்மா'. அண்ணன் வீட்டுக் கூடத்தையே மாடியில் தூக்கிவைத்து, அதற்கு வாடகையும் கொடுப்பதுபோல் இருந்தது. கணவர் கையிலிருந்த சாவியை வாங்கி, வீட்டுக்கார அம்மாளின் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள்.

"அம்மா, மறைச்சு வாங்க மனசு வரலை. ஒண்ணு சொல்லிடறேன். நாங்க சண்டை போடணும்."

அச்சகத்தார் இரு முட்டிகளையும் கோத்து அவளுக்குக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

"பதினோரு மாசமா எங்கண்ணன் வீட்டு ஹால்ல இருக்கோம். ஒரு வார்த்தை சத்தமா பேசினதில்லை. நாங்க பேசிக்கறதே மறந்துட்டோம். நடக்கறது, பாத்திரம் வைக்கறது எல்லாம் மெதுவா பண்ணிடுவோம். சண்டை மட்டும் மெதுவா போட முடியாதும்மா. அதுக்காகத்தான் வீடே தேடறோம்."

கூடத்தில் ஓர் அமைதி விழுந்தது. அச்சகத்தார் அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய அமைதியெல்லாம் அதன் கால்தூசிக்கு வராது. வீட்டுக்கார அம்மாள் தம் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எதுக்கும்மா?"

"சண்டைக்குத்தான். ஒரு மணி நேரம் போதுமா?"

இல்லாள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"போதும்மா."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் நடக்கப் போவேன். அஞ்சுக்கு வந்துடுவேன். வரும்போது கேக்கக் கூடாது. முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி மணியெல்லாம் அடிக்க மாட்டேன், நீங்களே பாத்துக்கணும்."

சாவி மூன்றாம் முறையாகக் கைமாறியது.

கேளுங்கள், கீல்களே, தட்டுகளே, குழாய்களே. அடுத்த ஞாயிறு மாலை மணி நான்கடிக்க, வீட்டுக்கார அம்மாள் செருப்பணிந்து தெருமுனை திரும்பி மறைய, அந்த மாடிக் கதவு சாத்தப்பட, பதினொரு மாதமாய் நெஞ்சில் தேங்கிப் புளித்துக் கிடந்ததெல்லாம் அணையுடைத்த ஆறெனப் பெருக, ஜன்னல் கண்ணாடி நடுங்க, மூன்றாம் தளக்கல் தானே துள்ள, மருந்துக்கடைக்காரர் இரும்புக்கதவைப் பாதி இறக்கிவைக்க, இல்லாள் கைநீட்டிக் குற்றம் சாட்டவும் பெருங்குரலார் மார்தட்டி மறுக்கவும், அவள் கேட்கவும் அவர் சொல்லவும், இருவரும் ஒரே நேரத்தில் கத்தவும், ஒருவர் கத்துவது ஒருவருக்குக் கேட்காமல் போகவும், போர் நாற்பது நிமிடம் நின்று நடந்தது. நாற்பத்தோராம் நிமிடம் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்துக்கொண்டே சிரித்துவிட்டாள், புரையேறியது, அவர் தலையில் தட்டினார், அவருக்கும் சிரிப்பு வந்தது, பிறகு இருவராலும் நிறுத்த முடியவில்லை. ஐந்து மணிக்கு வீட்டுக்கார அம்மாள் வந்தபோது மாடி அமைதியாக இருந்தது. இத்தனை பெரும்போர் எதன்பொருட்டு மூண்டது என்று பின்னாளில் யாரேனும் கேட்கக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டது அவர்தான்.